கிரான்: ஒரு பெயரின் வரலாறு

ஆள் இல்லாத நேரத்திலும் கணினியில் வேலை நடக்கும். இரவு இரண்டரை மணிக்குக் கோப்புகளைப் படியெடுத்துப் பத்திரப்படுத்துவது, வாரம் ஒருமுறை வேண்டாதவற்றைத் துடைப்பது, மாதம் பிறந்ததும் கணக்கெடுத்து அனுப்புவது என எதையும் முன்கூட்டியே கட்டளைகளாக எழுதி வைக்கலாம். எந்த நிமிடத்தில் எதை ஓட்டுவது என்று பார்த்துக்கொண்டே இருக்க ஒரு நிரல் வேண்டும். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் அந்த நிரலின் பெயர் ‘கிரான்’.

தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே குமரி மாவட்டத்து அருமனையிலும் இந்த நிரல் பல வீடுகளுக்குள் அரசு மடிக்கணினியோடுதான் நுழைந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் ஆக்கிய இயங்குதளம் அது. பிள்ளைகள் அதைத் திறந்த ஒவ்வொரு தடவையும், அவர்கள் கேள்விப்பட்டிராத கிரான் பின்னணியில் எழுந்து, நிமிடத்துக்கு ஒருமுறை தன் அட்டவணையைப் பார்த்தது.

அந்தப் பெயரைத்தான் இங்கே பின்தொடர்கிறேன். அது கிரேக்க மொழியில் பிறந்தது. காலத்தைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல் பல நூற்றாண்டுக்கு முன்பே தமிழுக்கு வந்து, இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி வரை நிலைத்திருக்கிறது. கிரான் அட்டவணையில் இந்த இரண்டு சொற்களும் மறுபடி சந்திக்கின்றன. பெயர் ஒன்றிடமிருந்து வந்தது. அட்டவணைக்குள் நடக்கும் கணக்கில் பெரும்பங்கு மற்றொன்றினுடையது.

பெல் ஆய்வகத்திலிருந்து 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் கிரான் இடம்பெற்றது. எழுதியவர் கென் தாம்ப்சன். ‘குரோனோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயர் எடுத்ததாக அவரே உறுதிப்படுத்தியிருக்கிறார். குரோனோஸ் என்றால் காலம். ஓடிக்கொண்டே இருக்கும் காலம், அளந்து நீட்டிச் சொல்லக்கூடிய காலம். ஆங்கிலத்தில் காலவரிசையைக் குறிக்கும் ‘குரோனாலஜி’யும், நெடுநாள் நோயைக் குறிக்கும் ‘குரானிக்’கும் இதே வேரில் கிளைத்தவை. தமிழ் இலக்கிய ஆய்வில் இந்த வேர் நமக்குப் பழக்கமானதுதான். நாஞ்சில் நாட்டுக்காரரான கே. என். சிவராஜ பிள்ளை 1932-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே ‘பழந்தமிழரின் குரோனாலஜி’ என்று பொருள்படும்.

அந்தச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது முதல் மெய்யை அடுத்து ஓர் ‘எச்’ வரும். தாம்ப்சன் அதை விட்டுவிட்டார். யூனிக்ஸ் ஆக்கியவர்கள் சொற்களைக் குறுக்குவதில் தயக்கம் காட்டவில்லை. ‘காப்பி’ என்பதற்கு இரண்டு மெய், ‘லிஸ்ட்’ என்பதற்கு இரண்டு மெய் போதும் என்று கட்டளைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். ஆனால் எச் போனதும் சொல்லின் பிறப்பிடம் மறைந்தது. உடனே பொய்யான விளக்கங்கள் முளைத்தன. நான்கு எழுத்துக்கு நான்கு ஆங்கிலச் சொல்லைக் கற்பித்து, ‘கமாண்ட்ஸ் ரன் ஓவர் நைட்’ என்பதன் சுருக்கமே இது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரவில் ஓடும் கட்டளைகள் என்று பொருளும் பொருந்துவதால் கேட்பவர் நம்பிவிடுகிறார். சொல்லாராய்ச்சியில் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பொருள் அழகாகப் பொருந்திவிட்டது என்பதற்காக அந்த விளக்கம் உண்மையாகிவிடாது.

இப்படிச் சொல்லை உடைத்துப் பொருள் காணும் ஆசை பழையது. 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் ‘ஹோரா’ என்ற சொல்லுக்கு ஒரு விளக்கத்தைப் பதிவு செய்கிறார். பகலிரவைக் குறிக்கும் ‘அஹோராத்ர’ என்ற சொல்லில் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் நீங்கி ஹோரா ஆயிற்று என்று சிலர் கருதுகிறார்கள் என்பது அது. கணக்குச் சரியாகவே வருகிறது: ‘அ’ போய், ‘த்ர’ போய், மிஞ்சுவது ‘ஹோரா’. ஆனால் ஹோரா கிரேக்கச் சொல். யவனரின் சோதிட அறிவை மதித்துப் பேசியவர் வராகமிகிரர். அவர் காலத்திலேயே சொல்லின் வெளிநாட்டுப் பிறப்பு மங்கி, உள்நாட்டு விளக்கம் கிடைத்துவிட்டது. கிரானுக்கு இருபதாம் நூற்றாண்டில் நேர்ந்தது ஹோராவுக்கு ஆறாம் நூற்றாண்டிலேயே நேர்ந்திருக்கிறது.

கிரேக்கத்தில் ‘ஹோரா’ முதலில் பருவத்தைக் குறித்தது. பூக்கும் பருவம், காய்க்கும் பருவம். பிறகு நாளின் ஒரு பகுதியைக் குறித்தது. பின்னர் நாளைப் பன்னிரண்டாகவும் இருபத்துநான்காகவும் பிரித்தபோது அந்தப் பிரிவின் பெயராயிற்று. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘அவர்’ ஆனதும் இதுவே. ஆங்கிலத்தில் ஆண்டைக் குறிக்கும் ‘இயர்’ என்ற சொல்லும் இதற்குத் தொலைவுறவு. ஒரே வேர் ஓரிடத்தில் ஓராண்டையும் மற்றோரிடத்தில் அறுபது நிமிடத்தையும் குறிப்பதற்குக் காரணம், அது அளவைக் குறித்த சொல்லாகப் பிறக்கவில்லை என்பதாகத் தோன்றுகிறது. பருவத்தைக் குறித்த சொல் அது.

வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தபோது ஹோரா ‘ஓரை’ ஆனது. தமிழில் ஹகரம் இல்லை. இறுதி ஆகாரம் ஐகாரமாவது வழக்கம். மாலா மாலை ஆனதைப் போல, சாலா சாலை ஆனதைப் போல. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் களவொழுக்கத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ‘ஓரை’ வருகிறது. நல்ல வேளை என்ற பொருளில். இந்தச் சொல்லையும் ஒரு சான்றாக வைத்துத் தொல்காப்பியத்தைப் பிற்காலத்துக்குக் கொண்டுவந்தார் எஸ். வையாபுரிப் பிள்ளை. கிரேக்கச் சோதிடம் இந்தியாவுக்குள் வந்து, வடமொழியில் ஊன்றி, தமிழ் வரை வரக் காலம் ஆகியிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் அவர். அருமனை திருவிதாங்கூரில் இருந்த நாட்களில் திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராகவும், பிற்காலத்தில் அங்கே பல்கலைக்கழகத் தமிழ்த் துறைத் தலைவராகவும் இருந்தவர்.

மறுப்பும் வலுவாகவே எழுந்தது. சங்கப் பாடல்களில் ஓரை என்பது பெண்கள் ஆடும் விளையாட்டு. ஆகவே சொல் தமிழ்தான் என்றார்கள். நான் இதில் இரண்டு சொற்களைக் காண்கிறேன். விளையாட்டைக் குறிக்கும் ஓரை ஒன்று, வேளையைக் குறிக்கும் ஓரை மற்றொன்று. ஒலி ஒன்றாகிவிட்டதால் பொருளும் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாக ஆகாது. வேளையைக் குறிக்கும் ஓரை கிரேக்க வழி என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஒரு சொல்லை வைத்து ஒரு முழு நூலின் காலத்தை முடிவு செய்வது அந்தச் சொல் தாங்கக்கூடியதைவிட அதிகமான சுமை.

கிரான் அட்டவணைக்கு வருவோம். ஒவ்வொரு வரியிலும் கட்டளைக்கு முன்னால் ஐந்து பத்திகள் இருக்கும். நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை. இரண்டாம் பத்தியின் ஆங்கிலப் பெயரே ‘அவர்’, அதாவது ஓரை. ஐந்தாம் பத்தியில் ஓரை இன்னும் ஆழமாக ஒளிந்திருக்கிறது.

கிழமைகள் ஏன் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற வரிசையில் வருகின்றன? வானத்தில் ஞாயிற்றை அடுத்துத் திங்கள் இல்லை. திங்களை அடுத்துச் செவ்வாயும் இல்லை. பழைய வானியலார் ஏழு கோள்களையும் மெதுவாக நகர்வதிலிருந்து வேகமாக நகர்வது வரை வரிசைப்படுத்தினார்கள்: சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள். ஒரு நாளின் இருபத்துநான்கு ஓரைகளை இந்த வரிசையில் கோள்களுக்குப் பங்கிட்டார்கள். சூரிய உதயத்தில் தொடங்கும் முதல் ஓரை எந்தக் கோளுக்கோ, அந்த நாளும் அந்தக் கோளின் பெயர் பெறும். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓரை சூரியனுக்கு. ஏழு ஏழாக மூன்று சுற்று முடிந்தால் இருபத்தொன்று. மிச்சம் மூன்று ஓரை. அவை சூரியன், வெள்ளி, புதன் ஆகியவற்றுக்குப் போகும். அடுத்த நாள் காலை முதல் ஓரை திங்களுக்கு. ஆகவே அது திங்கட்கிழமை. அங்கிருந்து மூன்று தள்ளினால் செவ்வாய். இப்படியே சனி வரை எண்ணிப் பாருங்கள், ஏழு நாளும் தவறாமல் வரும்.

நம் பஞ்சாங்கங்களும் நாட்காட்டிகளும் இன்றும் ஓரை அட்டவணை அச்சிடுகின்றன. பத்திரம் பதியவும் பேச்சு முடிக்கவும் குரு ஓரை, சுக்கிர ஓரை பார்க்கிறவர்கள் குமரி மாவட்டத்தில் குறைவில்லை. ஓரை பார்க்காதவரும் கிழமையைப் பார்க்கிறார். ஓரைக் கணக்கின் விளைச்சல்தான் கிழமை. கிரானின் ஐந்தாம் பத்தியில் ஞாயிற்றுக்கு 0, திங்களுக்கு 1, சனிக்கு 6 என்று எண் போடுகிறோம். சுழியம் முதல் ஆறு வரையிலான அந்த வரிசை மூன்று மூன்றாகத் தள்ளிய ஓரை வரிசைதான்.

சனியைப் பற்றி ஒரு வார்த்தை. காலத்தைக் குறிக்கும் குரோனோஸையும், தன் பிள்ளைகளையே விழுங்கிய கிரேக்கப் பழந்தெய்வமான குரோனஸையும் பழங்காலத்திலேயே ஒன்றாகக் குழப்பிக்கொண்டார்கள். பின்னவர் ரோமரிடம் சனிக்கோளின் தெய்வமானார். சொற்கள் வேறு, முதலெழுத்தே கிரேக்கத்தில் வேறு. தாம்ப்சன் ‘எச்’ எழுத்தை நீக்கியதால் நிரலின் பெயர் ஒலியில் சனியின் பக்கம் சாய்ந்தாலும் பிறப்பு காலத்தின் பக்கம்தான்.

மூன்றாம் பத்தியும் ஐந்தாம் பத்தியும் வெவ்வேறு மரபிலிருந்து வந்தவை என்பது கிரானின் ஒரு விதியில் வெளிப்படுகிறது. மாதத்தின் நாள் 13 என்றும் கிழமை 5 என்றும் இரண்டையும் நிரப்பினால், பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையாக அமையும் நாளில் மட்டும் கட்டளை ஓடும் என்று புதியவர் நினைப்பார். அப்படி ஓடாது. ஒவ்வொரு பதின்மூன்றாம் தேதியும் ஓடும். ஒவ்வொரு வெள்ளியும் ஓடும். இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும் என்பது விதி. பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கும். சனிப் பிரதோஷம் என்றால் திரயோதசியும் சனிக்கிழமையும் கூட வேண்டும். கூடும் நாளுக்குத்தான் சிறப்பு. திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்று பஞ்சாங்கத்துக்கும் ஐந்து உறுப்பு உண்டு. ஆனால் அங்கே உறுப்புகள் ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. கிரானில் நாளும் கிழமையும் தனித்தனியே நடக்கின்றன.

அருமனைக்காரருக்கு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது ரப்பர். ஊரைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள். பால் வெட்டுவது வெளுப்பான்காலத்தில், அதாவது விடியற்காலையில். வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டுவது என்பதற்கு ரப்பர் ஆய்வாளர்கள் உலகம் முழுவதும் பொதுவான ஒரு குறியீடு வைத்திருக்கிறார்கள். ‘எஸ்/2 டி/2 6டி/7’ என்று எழுதினால், மரத்தின் சுற்றளவில் பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள், ஏழில் ஆறு நாள் வெட்டு என்று பொருள். பழகிய கண்ணுக்கு இது கிரான் வரி. ‘இரண்டில் ஒன்று’ என்பதைக் கிரானும் சாய்கோடு போட்டு 2 என்றே எழுதுகிறது.

தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் தம் வீட்டுக் கணினியில் வெட்டு நாளுக்கு நினைவூட்டல் வைக்க நினைத்து, மாதத்தின் நாள் என்ற மூன்றாம் பத்தியில் */2 என்று எழுதினால் என்ன ஆகும்? 1, 3, 5 என்று தொடங்கி 31 வரை சரியாகப் போகும். மறுநாள் அடுத்த மாதத்தின் 1. அன்றும் ஓடும். அடுத்தடுத்து இரண்டு நாள் வெட்டச் சொல்லும். கிரானுக்கு மாதம் பிறந்ததும் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கிவிடுகிறது. மரத்தின் பட்டைக்குள் பால் ஊறுவது மாதத்தைப் பார்த்து நடப்பதில்லை. தோட்டத்தில் நடைமுறை வேறு. மரங்களை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியைத் திங்கள், புதன், வெள்ளியும் மறு பகுதியைச் செவ்வாய், வியாழன், சனியும் வெட்டுகிறார்கள். ஞாயிறு ஓய்வு. ஆகவே கிழமைப் பத்தியில் 1,3,5 என்று ஒரு வரி, 2,4,6 என்று ஒரு வரி. அவ்வளவுதான். மாதக் கணக்கு தவறவிட்ட வேலையை ஓரை பெற்ற கிழமை செய்துவிடுகிறது. பெயரில் குரோனோஸ் இருந்தாலும் வேலைக்கு உதவியது ஹோரா என்று நான் சொல்வது இதனால்தான்.

மணியைப் பற்றி உள்ளூர்ச் சொல் ஒன்றையும் சொல்ல வேண்டும். விளவங்கோட்டுப் பக்கத்துப் பேச்சில் ஒரு மணி நேரத்துக்கு ‘மணிக்கூர்’ என்பார்கள். மலையாளத்தோடு பொதுவான சொல், மணியின் கூறு. நாளைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூற்றுக்கும் மணி அடித்த பழக்கத்தின் பெயர். கிரானின் இரண்டாம் பத்திக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப்பெயர் எனக்குத் தோன்றவில்லை.

பல்கலைக்கழகத்திலும் ஆய்வகத்திலும் இரவுபகலாக ஓடிய கணினிக்காகத்தான் கிரான் முதலில் எழுதப்பட்டது. 1987-இல் பால் விக்ஸி எழுதிய வடிவம் பெரும்பாலான லினக்ஸ்களுக்கு அடிப்படையானது. அதுவும் கணினி எப்போதும் விழித்திருக்கும் என்றே எண்ணியது. வீட்டுக் கணினி அப்படி இல்லை. இரவு அணைத்துவிட்டுப் படுக்கிறோம். மழைக்காலத்தில் மின்சாரம் போய் வரும். இரண்டரை மணிக்கு ஓட வேண்டிய வேலை, கணினி அணைந்திருந்தால், கிரானைப் பொறுத்தவரை போனது போனதுதான். இதற்காக எழுதப்பட்டதே ‘அனாகிரான்’. அது மணியைப் பார்க்காது. கடைசியாக ஓடி எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் பார்க்கும். தவறிய வேலையைக் கணினி எழுந்ததும் செய்துவிடும். பெயர் ‘அனாக்ரானிஸம்’ என்ற சொல்லை நினைந்து வைத்தது: காலம் பிறழ்தல். கிரேக்க முன்னொட்டான ‘அனா’ இங்கே பின்னோக்குதலைக் குறிக்கிறது. தவறாகக் கருதப்படும் ஒன்றைப் பயனுள்ள குணமாக்கிய பெயர் இது. கிரானின் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது.

விண்டோஸ்காரர்கள் இதே வேலைக்கு ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்று பெயர் வைத்தார்கள். டாஸ்க் என்ற சொல் வரியைக் குறிக்கும் டாக்ஸோடு பிறந்தது. செலுத்தியே தீர வேண்டிய உழைப்பு. ஷெட்யூல் லத்தீனில் பாப்பிரஸ் சீட்டு. நம் ஊர் ஓலைத் துண்டு மாதிரி.

லினக்ஸ் சிலவற்றில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைப் பார்த்தால் கிரானின் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடியிருக்கும்: ‘கிரான்-டி’. அந்த ‘டி’ டீமன் என்பதன் முதலெழுத்து. பயனரிடம் முகம் காட்டாமல் பின்னணியில் உழைக்கும் நிரலுக்கு 1963-இல் எம்.ஐ.டி.யின் புராஜெக்ட் மேக் குழுவினர் வைத்த பெயர். இயற்பியலில் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்தனுப்பும் சின்ன ஆவியை நினைத்து வைத்தார்கள் என்று அந்தக் குழுவின் பெர்னாண்டோ கோர்பட்டோ சொல்லியிருக்கிறார். கிரேக்கத்தில் ‘தைமோன்’ தீயது அல்ல. மனிதருக்கும் தெய்வத்துக்கும் நடுவில் நிற்கும் ஆற்றல். அதைப் பிசாசாக்கியது பிற்காலம்.

நம் பக்கத்தில் இதே போக்கில் நடந்த சொல் ‘இயக்கி’. அருமனைக்கு அருகே சிதறாலில், திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுகள் சொல்லும் குன்றில், 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. தீர்த்தங்கரர்களோடு அவர்களின் காவல் தெய்வங்களான இயக்கியரும் அந்தப் பாறையில் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அங்கிருந்த தெய்வமான பட்டாரியாருக்குப் பொன் அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. யட்சி இயக்கியாகி, பின் இசக்கியாகி, முப்பந்தல் கோவிலில் இன்றும் பொங்கல் வாங்குகிறாள். அஞ்சத்தக்கவளாகவும் காப்பவளாகவும் ஒரே பெயர்.

கணித்தமிழில் ‘டிரைவர்’ என்ற மென்பொருளுக்கு ‘இயக்கி’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அது ‘இயக்கு’ என்ற வினையடியாகப் பிறந்த சொல். யட்சியின் இயக்கிக்கும் அதற்கும் பிறப்பில் உறவில்லை. ஓரையில் செய்த அதே எச்சரிக்கையை இங்கும் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் டீமனுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறவர் ‘பேய்’ என்று மொழிபெயர்க்கும் முன் சிதறால் குன்றுக்கு ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

கிரானையே மொழிபெயர்க்கலாமா? குரோனோஸ் காலம் என்றால், ஆளாக்கிச் சொல்லும்போது ‘காலன்’ என்று வரும். தமிழில் காலன் எமன். அந்த வழி அடைபட்டது. பெயரைப் பெயராகவே வைத்துக்கொள்ளலாம். ‘க்ரான்’ என்று மெய்யில் தொடங்க வேண்டியதில்லை. கிரகமும் கிரந்தமும் இகரம் பெற்று நுழைந்த வழியில் கிரானும் நுழையட்டும். ‘எச்’ எழுத்தை இழந்ததில் அதற்கும் ஓரைக்கும் ஒற்றுமை இருக்கிறது: ஒன்றில் தாம்ப்சன் நீக்கினார், மற்றொன்றில் தமிழின் ஒலியமைப்பு நீக்கியது. அதன் கோப்பைக் ‘கிரான் அட்டவணை’ எனலாம். அட்டவணை மராத்தியிலிருந்து வந்த சொல். அங்கே ‘ஆட்டவண்’ என்றால் நினைவு. மறக்காமல் வைத்திருக்கும் கோப்புக்குத் தகுந்த பெயர்தான். ஒவ்வொரு வரிக்கும் ‘முறை’ என்ற சொல்லே போதும். கோவிலில் பூசை முறை, வாய்க்காலில் தண்ணீர் முறை என்று யாருக்கு எப்போது என்பதைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் அது. ‘கிரான் அட்டவணையில் வெட்டு நாளுக்கு ஒரு முறை சேர்த்திருக்கிறேன்’ என்று எழுதினால் அருமனையில் எவருக்கும் விளங்கும்.